குடிகாட்டுத் தோப்பில் அந்த மத்தியானம்

காத்து, கருப்பு, ஆவி இதிலெல்லாம் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது பைக் வாங்கிய அன்றைக்கு அம்மா எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டதை, தெருமுனை தாண்டியதும் அவிழ்த்துப் போட்டவன் நான். என் வேலையும் அப்படிப்பட்டதுதான். செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, இது வயல், இது சவுக்கு, இது முந்திரி, இது தென்னை என்று பிரிக்கிற வேலை. கண்ணால் பார்ப்பதையும் படத்தில் இருப்பதையும் தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகிற ஆள். அப்படிப்பட்டவன் இதைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்கு வருத்தமும் இல்லை, நானே உங்கள் இடத்தில் இருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. படித்தது சிதம்பரத்தில். கூடப் படித்தவன் டேவிட், கடலூர்க்காரன். படிப்பு முடிந்து சில வருடம் இருவரும் வேறு வேறு பக்கம் அலைந்துவிட்டு, கடைசியில் கடலூரில் ஒரே ஆபீசில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தோம். மாவட்டத்தில் எங்கெங்கே எவ்வளவு தென்னை இருக்கிறது என்று கணக்கெடுக்கிற திட்டம் அது. மேலிருந்து எடுத்த படத்தில் தென்னை மரம் எப்படித் தெரியும் தெரியுமா, யாரோ பச்சை மையில் சின்னச் சின்னதாக நட்சத்திரம் போட்டு வைத்த மாதிரி இருக்கும், ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பக்கத்தில் அதன் நிழல் சாய்ந்து படுத்திருக்கும். இதெல்லாம் தென்னை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். ஆனால் கம்ப்யூட்டர் பனையையும் தென்னை என்று சொல்லும், சில நேரம் வாழையைக்கூடச் சொல்லும். அதனால் அங்கங்கே சில இடங்களை மட்டும் குலுக்கல் மாதிரி பொறுக்கி எடுத்து, நேரில் போய்ப் பார்க்கவேண்டும். மரம் இருக்கிறதா, எத்தனை, தண்டு எவ்வளவு பருமன், காய்ப்பு எப்படி என்று பார்த்து, நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு வரவேண்டும்.

அந்தப் பொறுக்கிய இடங்களுக்குப் போகிற வேலை எனக்கும் டேவிட்டுக்கும் வந்தது. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால் அந்த மாதங்களைத்தான் சொல்வேன். காலையில் கடலூரில் கிளம்பினால் அவன் பைக்கை ஓட்டுவான், நான் பின்னால் உட்கார்ந்து போனில் வழி சொல்வேன். வெள்ளாற்றுக் கரையோரம், பரங்கிப்பேட்டை போகிற வழி, சிதம்பரத்தைச் சுற்றி இருக்கிற ஊர்கள், நாங்கள் போகாத தோப்பு இல்லை. நாங்கள் மரத்தை வெட்டிவிட வந்திருக்கிறோமோ, ரோடு போட வந்திருக்கிறோமோ என்று தோப்புக்காரர்கள் முதலில் முறைப்பார்கள், விஷயம் தெரிந்ததும் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். மத்தியானம் ஏதாவது தோப்பில் டிபன் பாக்ஸைத் திறப்போம். அவன் மனைவி ரீட்டா எனக்கும் சேர்த்துத்தான் கட்டிக் கொடுக்கும். சங்கரா மீன் வறுவல் என்றால் நான் பெரிய துண்டை எடுத்துவிடுவேன் என்று மேலே ஒரு முட்டையை வைத்து மறைத்து அனுப்பும். சாப்பிட்டுவிட்டு டேவிட் அப்படியே மல்லாந்து படுத்து, கோயிலில் பாடுகிற பாட்டு ஒன்றை வாய்க்குள்ளேயே முனகுவான். மேலே ஓலை ஆடும். அந்த நேரத்தில் உலகத்தில் வேறு எதுவும் வேண்டியதில்லை என்று இருக்கும்.

டேவிட்டின் அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கல்லூரிக் காலத்திலிருந்தே பழக்கம். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தவர். குடிகாட்டுக்கு வெளியே அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, அதில் தென்னை வைத்திருந்தார். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டுக்குப் போகாமல் தோப்புக்குப் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, அங்கேயே ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் போவார். அந்தப் பெரிய புயல் அடித்தபோது ஒரே ராத்திரியில் தோப்பு முழுக்க விழுந்துவிட்டது. ஒரு மரம் மிச்சம் இல்லை. அதற்கப்புறம் அந்த நிலத்தில் கால் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. சில வருடம் சும்மா கிடந்தது, பிறகு விற்றுவிட்டார்கள். குடும்பம் கடலூர் முதுநகரில் வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் சொல்கிற காலத்தில் மாமாவுக்கு ஞாபகம் போய்விட்டிருந்தது. வயதானவர்களுக்கு வருகிற மறதி நோய். முதலில் சாவி வைத்த இடம், பிறகு தெரு, பிறகு ஆட்கள். டேவிட்டின் பெயரை அவர் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ‘நீங்க யாரு, எந்த ஊரு?’ என்று மரியாதையாகக் கேட்பார். டேவிட்டும் ஒவ்வொரு நாளும் பதில் சொல்வான். ஒன்று மட்டும் மறக்கவில்லை. மத்தியானம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு, தண்ணி மாத்திவுடணும் என்று வாசலுக்குக் கிளம்பிவிடுவார். ரீட்டாதான் ஏதாவது பேசி உட்கார வைக்கும்.

ஒருநாள் ஆபீசில் அடுத்த வாரம் போகவேண்டிய இடங்களைப் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். குடிகாட்டுப் பக்கம் ஒரு இடம் விழுந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் நல்ல தோப்பு, வரிசை பிசகாமல் வைத்த மரங்கள். பின்னால் டேவிட் டீயோடு வந்து நின்றான். டீயைக் குடிக்காமல் திரையையே பார்த்தான்.

“மச்சான், இது எப்ப எடுத்த படம்?”

“இந்த வருஷத்துதுடா. ஏன்?”

“இது எங்க தோப்பு.”

புயலில் போன தோப்பு எப்படி இந்த வருடப் படத்தில் இருக்கும், வாங்கியவர்கள் மறுபடி கன்று வைத்திருப்பார்கள் என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை, அங்கே மனை போட்டிருக்கிறார்கள், போன மாதம்கூட அந்த வழியாக வந்தேன், ஒரு செடி இல்லை என்றான். அப்படியென்றால் படத்தில் ஏதோ குழப்பம், நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது என்றேன். ஆனால் அந்த இடத்துக்குப் போகலாம் என்று எப்போது சொன்னாலும், அப்புறம் போலாம் மச்சான் என்று வேறு பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவான். நானும் வற்புறுத்தவில்லை.

கத்தரி வெயில் ஆரம்பித்திருந்தது. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தோம். டேவிட்டுக்குப் போன் வந்தது. ரீட்டா. காலையில் இட்லி சாப்பிட்ட மாமாவைக் காணோம், கோயில், மார்க்கெட், ஸ்டேஷன், துறைமுகம் எல்லாப் பக்கமும் ஆள் விட்டுத் தேடியாச்சு என்று அழுதது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த வெயிலில், அந்த வயதில், செருப்புகூடப் போடாமல் போயிருக்கிறார். வண்டியை நான் வாங்கிக்கொண்டேன், அவனால் ஓட்டமுடியாது என்று தெரிந்தது.

வழியெல்லாம் அவன் போனில் யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே வந்தான். எனக்கு மட்டும் அந்தப் படம் திரும்பத் திரும்பக் கண்ணில் நின்றது, வரிசையாகப் பச்சை நட்சத்திரங்கள். ஏன் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடலூர் வருவதற்கு முன்பே வண்டியைக் குடிகாட்டுப் பக்கம் திருப்பினேன்.

“எங்கடா போற?” என்றான்.

“ஒரு தடவ பாத்துட்டுப் போயிடலாம்டா.”

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

தார் ரோட்டிலிருந்து இறங்கி மண் பாதையில் கொஞ்ச தூரம் போனால் அந்த இடம். டேவிட் சொன்னது சரி. மரம் என்று ஒன்று இல்லை. செம்மண் பரப்பி, வெள்ளையடித்த கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். வெயிலில் மண் கண்ணைப் பறித்தது, ஷூவுக்குள் கால் கொதித்தது. அந்தப் பொட்டலுக்கு நடுவில் வெள்ளைச் சட்டை ஒன்று தெரிந்தது. மாமா உட்கார்ந்திருந்தார்.

டேவிட் ஓடினான். நான் பின்னால் ஓடினேன். இனிமேல் சொல்வதைத்தான் யாரும் நம்பமாட்டார்கள். அவரை நெருங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், எனக்கு முன்னே ஓடிய டேவிட்டின் நீலச் சட்டையில் வெளிச்சம் மாறியது. கோடு கோடாக நிழல், முதுகில் அசைந்து போயிற்று. மேகம் என்று நினைத்து மேலே பார்த்தேன். வானம் வெறும் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது, மேகம் என்று ஒரு துணுக்கு இல்லை. அடுத்த எட்டில் நானும் உள்ளே போய்விட்டேன். உள்ளே என்றுதான் சொல்லவேண்டும், வேறு வார்த்தை தெரியவில்லை. சட்டென்று குளிர்ச்சி. ஈர மண் வாசனை, ஊறிக் கிடக்கிற மட்டை வாசனை. அத்தனை மாதம் தோப்பு தோப்பாகத் திரிந்தவனுக்கு அது என்ன வாசனை என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

மாமா காலை நீட்டி, நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு கல்கூட இல்லை. நாம் அந்த மாதிரி சாய்ந்தால் மல்லாந்து விழுந்துவிடுவோம். அவர் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்திருந்தார்.

டேவிட்டைப் பார்த்ததும் சிரித்தார். “வாடா டேவிட்டு. வெயில்ல என்னாத்துக்கு ஓடியார?”

டேவிட் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு வருடத்துக்கு அப்புறம் அவன் பெயரை அவர் வாயிலிருந்து கேட்கிறான். “வூட்டுக்குப் போலாம்பா” என்றான்.

“போலாம் போலாம். வெயில் தாழட்டும். வூட்ல என்னா, ஃபேன் காத்துதான? இங்க இருக்கறதுக்கு என்னா கொறச்சல்.” பிறகு என்னைப் பார்த்தார். “மாப்ள, அங்க நிக்காத. மேல காஞ்ச மட்ட ஒண்ணு தொங்குது பாரு, இப்பவோ அப்பவோன்னு. இந்தாண்ட வந்து உக்காரு.”

நான் மேலே பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. அவர் சொன்ன பக்கம் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கையோடு, நான் நின்றிருந்த இடத்தில் சத்தம் கேட்டது. முதலில் உரசுகிற சத்தம், அப்புறம் தொப்பென்று. தென்னையோடு பழகியவர்களுக்கு மட்டை விழுகிற சத்தம் தூக்கத்தில்கூடத் தெரியும். மண் தெறித்து என் கழுத்தில் பட்டது. திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் அங்கே இருந்தோம் என்று தெரியாது. ரீட்டாவுக்குச் சொல்லிவிட்டு, தெரிந்த ஆட்டோக்காரரை வரச்சொன்னேன். அது வரும்வரை மாமா பேசிக்கொண்டே இருந்தார். டேவிட் பிறந்த வருடம் வைத்த மரம் எது, அவன் அம்மா கடைசியாகக் கையால் தண்ணீர் ஊற்றியது எதற்கு, முதல் குலையைக் கோயிலுக்குக் கொடுத்தது, எல்லாவற்றையும் கையை நீட்டி நீட்டிக் காட்டிச் சொன்னார். டேவிட் சின்னப்பிள்ளை மாதிரி, ஆமாப்பா, ஆமாப்பா என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமா முகத்தில் நிழல் அசைந்தது. மேலே ஒன்றும் இல்லை என்று அறிவுக்குத் தெரிகிறது, ஆனால் எனக்குப் பயம் போய்விட்டிருந்தது. இவர்கள் இரண்டு பேரும் இப்படியே இருக்கட்டும், ஆட்டோ கொஞ்சம் மெதுவாக வரட்டும் என்றுகூட நினைத்தேன்.

ரோட்டில் ஹாரன் கேட்டது. மாமாவைத் தூக்குவதற்காக அவர் முதுகுக்குப் பின்னால் கையை விட்டேன். என் புறங்கை சொரசொரப்பான எதிலோ உரசியது. வெடுக்கென்று கையை எடுத்துப் பார்த்தால் தோல் வழண்டு ரத்தம் துளிர்த்திருந்தது. டேவிட்டிடம் அப்போது சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கம் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தோம்.

நிழலை விட்டு வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றுவிட்டார். டேவிட்டை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க யாரு, எந்த ஊரு?” என்றார்.

டேவிட் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. “ஒரு நிமிஷம் மச்சான்” என்றான். அவரைத் திருப்பி, வந்த வழியே நடத்திக்கொண்டு போனான். அதே இடம். உட்கார்ந்த தடம்கூட மண்ணில் அப்படியே இருந்தது. அதன்மேல் வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே நின்று, அந்தாண்ட, இந்தாண்ட என்று நகர்ந்து நகர்ந்து பார்த்தான். மாமா காலைச் சுடுகிறது என்று முனகினார். நான்தான் போய், போதும்டா வா என்று கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார் என்றார். காலையிலிருந்து பொட்டல் வெயிலில் இருந்தார் என்று ரீட்டா சொன்னதற்கு, “சான்ஸே இல்லம்மா, உடம்பு ஜில்லுன்னு இருக்கு, எங்கயோ நல்ல நிழல்லதான் இருந்திருக்காரு” என்றார். அப்போது மாமாவின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ், முடியிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கித் தட்டில் போட்டது. எட்டிப் பார்த்தேன். பாளையிலிருந்து உதிர்கிற தென்னம்பூ.

அந்த இடத்துக்கு மரம் இல்லை என்றுதான் நான் பதிவு செய்தேன். வேறென்ன செய்வது. ஆபீசில் எங்களுக்கு மேலதிகாரியான மேடத்திடம் படத்தைக் காட்டியபோது, மேகம் மறைத்த இடத்தில் பழைய படத்தை எடுத்து ஒட்டியிருப்பார்கள், அதனால் புயலுக்கு முன்னால் இருந்த தோப்பு தெரிகிறது, இது சகஜம் என்றார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. ஆனால் மனசு கேட்காமல் சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போது இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தன. மனைக்கல். புயலுக்கு முன்னால் ஏது மனைக்கல். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன், மேடத்திடம் போய்ச் சொல்லவில்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில் மாமா போய்ச் சேர்ந்தார், படுக்கையில், தூக்கத்திலேயே. கணக்கெடுப்பும் முடிந்து எங்கள் ஒப்பந்தமும் முடிந்தது. டேவிட் மஸ்கட் போய்விட்டான், ரீட்டாவும் கூடப் போயிற்று. நான் சிதம்பரத்தில் வேறு வேலையில் இருக்கிறேன், நாள் முழுக்க ஏசி ரூம்தான். அந்த மத்தியானத்தைப் பற்றி நானும் அவனும் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை. பேசினால் கலைந்துவிடும் என்று இருவருக்கும் ஒரு எண்ணம் போல.

போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்கக் கடலூர் போயிருந்தேன். திரும்பும்போது மனசு கேட்காமல் வண்டியைக் குடிகாட்டுப் பக்கம் விட்டேன். பொட்டலெல்லாம் வீடாகியிருந்தது. குத்துமதிப்பாக அந்த இடத்தில் ஒரு மாடி வீடு, புதுப் பெயின்ட். ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

“சோலார் கம்பெனிலேர்ந்து வர்றீங்களா சார்? எத்தினி தடவ போன் போடறது?”

இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். பேனல் போட்டதிலிருந்து கரண்ட் ஒழுங்காக வரவில்லையாம், வந்து பார்க்கிறவர்கள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று போய்விடுகிறார்களாம். “அத விடுங்க, வடாம் போட்டா காய மாட்டேங்குது சார். பக்கத்து வூட்ல ஒரே நாள்ல காயிது. எங்க மாடியில ஈரம் ஜாஸ்தி. சுத்திப் பாருங்க, ஒரு மரம் மட்ட இருக்குதா?”

மேலே வந்து பார்க்கச் சொன்னார். போனேன். வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நிற்க முடிந்தது.

அந்த அம்மா மோர் கொண்டுவருகிறேன் என்று கீழே போனார். என்னமோ தோன்றி மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். எங்கே இருக்கிறேன் என்று சொல்லவில்லை. சும்மா, எப்படி இருக்க மச்சான் என்று கேட்டேன். அவனும் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டான்.

“எந்தத் தோப்புல மச்சான் இருக்க?” என்றான். “ஓல சத்தம் இப்படிக் கேக்குது.”

நான் சுற்றிலும் பார்த்தேன். “கட் பண்ணாத” என்றான். “கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருடா.”

போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. காற்றே இல்லாத மத்தியானம், மாடிக் கொடியில் காயப்போட்டிருந்த புடவை ஒரு இழைகூட அசையவில்லை.